விவிலிய மொழிபெயர்ப்பில் ஆணும் பெண்ணும்

(ஆங்கில இலக்கியம், முதுகலை இரண்டாம் ஆண்டு)

ஒரு கலத்தில் உள்ள நீரை மற்றொரு கலத்தில் ஊற்றுவது போன்றதே மொழிபெயர்ப்பு எனப் பலர் எண்ணுகின்றனர். கலம் மாறினாலும் நீர் மாறுவதில்லை அல்லவா என்பது அவர்தம் வாதம். ஆனால் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. ஒரு சொல்லை மாற்றியதற்காக நூலின் பக்கம் எரிக்கப்பட்டிருக்கிறது. பெயரின் மேலிட்ட ஒரு சிறு குறியால் ஒரு பெண் ஆணாக்கப்பட்டிருக்கிறாள். 'சகோதரர்' என்பதா, 'சகோதர சகோதரிகள்' என்பதா என்னும் வினாவுக்காகப் பெரிய திருச்சபைகள் கூடித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கின்றன. இவை அனைத்தும் நிகழ்ந்தது ஒரே நூலின் மொழிபெயர்ப்பில். அந்நூல் விவிலியம்.

ஆங்கில இலக்கியம் பயில்வோர்க்கு விவிலியம் புதிய நூலன்று. மில்டனைப் படிக்கும்போதும் பன்யனைப் படிக்கும்போதும் அதன் நிழல் நம்முடன் வருகிறது. ஆனால் நாம் படிப்பது மூலநூல் அன்று, மொழிபெயர்ப்பு. அம்மொழிபெயர்ப்பில் ஆணையும் பெண்ணையும் குறிக்கும் சொற்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? அத்தேர்வில் அரசும் சமயத் தலைமையும் எவ்வாறு தலையிட்டன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சமய உண்மையைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இங்கே கூறப்படவில்லை. இது சொல்லைப் பற்றிய ஆய்வே.

சிக்கலின் தோற்றம்

விவிலியத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியில் எழுந்தது. புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுந்தது. எபிரேயத்தில் 'ஆதாம்' என்பது முதல் மனிதனின் பெயர் மட்டுமன்று. மனித இனம் முழுவதற்கும் அதுவே பெயர். ஆணை மட்டும் குறிக்க 'ஈஷ்' என்ற வேறு சொல் உண்டு. அவ்வாறே கிரேக்கத்தில் 'ஆந்த்ரோப்போஸ்' என்றால் மனிதப் பிறவி; 'அநேர்' என்றால் ஆடவன் அல்லது கணவன். ஆக, மூலமொழிகள் இரண்டிலும் இரு கருத்துகளுக்கு இரு சொற்கள் இருந்தன.

ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'மேன்' என்ற ஒரே சொல் பயன்பட்டது. மனிதனும் அதுவே, ஆடவனும் அதுவே. படைப்பைக் கூறும் தொடக்க அதிகாரத்தில், ஆதாம் என்னும் சொல் வரும் அதே வசனம் ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டதையும் கூறுவதால் அங்கே குழப்பம் இல்லை. ஆனால் எல்லா இடமும் அவ்வாறு அமையவில்லை. ஆயர் பணியை விரும்புவோரைப் பற்றிப் பவுல் பெயரிலுள்ள கடிதமொன்று பேசத் தொடங்குமிடத்தில் கிரேக்கச் சொல் 'எவரேனும்' என்ற பொருள் தருவது; ஆணென்றோ பெண்ணென்றோ காட்டாதது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே 'ஒரு மேன்' என்று எழுதியது. பின்வரும் வரிகள் மனைவியையுடைய ஆடவனைப் பற்றிப் பேசுவது உண்மையே. ஆயினும் முதற்சொல்லில் மூலம் திறந்து வைத்த கதவை மொழிபெயர்ப்பு சாத்திவிட்டது.

மற்றொரு சொல் 'அடெல்போய்'. பவுலின் கடிதங்களில் அடிக்கடி வரும் விளிச்சொல் இது. ஆண் உடன்பிறந்தாரை மட்டும் குறிக்கவும் இது வரும். அண்ணனும் தங்கையும் சேர்ந்திருந்தாலும் அவ்விருவரையும் குறிக்கவும் இது வரும். தமிழில் 'உடன்பிறந்தார்' என்கிறோமே, ஏறத்தாழ அது போன்றது. இதைச் 'சகோதரர்' என ஆண்பாலில் மட்டும் பெயர்த்தால், கடிதம் வாசிக்கப்பட்ட சபையில் அமர்ந்திருந்த பெண்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடுவர்.

அரசரின் விதிகள்

மொழிபெயர்ப்பில் அதிகாரம் தலையிடுவது இந்தச் சிக்கலோடு தொடங்கியதன்று. வில்லியம் டிண்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, 'திருச்சபை' எனப் பெயர்க்கப்பட்டு வந்த சொல்லைக் 'கூட்டம்' என்னும் பொருள்படப் பெயர்த்தார். குருமாரின் தலைமையை அச்சொல் அசைப்பதாகத் தாமஸ் மோர் கடுமையாக எதிர்த்தார். சமயத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, 1536இல் டிண்டேல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்.

பின்னர் 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஹாம்ப்டன் கோர்ட்டில் மாநாடு கூட்டிப் புதிய மொழிபெயர்ப்புக்கு வழி வகுத்தார். அப்போது மக்களிடையே பரவியிருந்த ஜெனீவா விவிலியத்தின் ஓரக்குறிப்புகள் மன்னருக்குப் பிடிக்கவில்லை. அவர் சுட்டிக் குறை கூறிய குறிப்புகளுள் ஒன்று எபிரேய மருத்துவச்சியரைப் பற்றியது. ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட கட்டளையை அப்பெண்கள் மீறியது முறையே என்றது அக்குறிப்பு. மன்னன் ஆணையை மீறலாம் என்று மக்கள் கற்றால் என்னாவது! புதிய மொழிபெயர்ப்பில் அத்தகைய குறிப்புகள் இடம்பெறலாகாது என முடிவாயிற்று. மொழிபெயர்ப்பாளர்க்கு விதிகள் வகுக்கப்பட்டன. பழைய சபைச் சொற்களை மாற்றலாகாது, 'திருச்சபை' என்பதைக் 'கூட்டம்' என்று எழுதலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

ஆக, ஆங்கில உரைநடையின் சிகரம் என நாம் போற்றும் 1611ஆம் ஆண்டு விவிலியமே விதிகளுக்குட்பட்டுப் பிறந்த குழந்தைதான். ஆயினும் ஒரு வியப்பு. 'தேவனுடைய மகன்கள்' என்று பொருள்படும் கிரேக்கத் தொடரை இயேசுவின் மலைப்பொழிவில் அது 'பிள்ளைகள்' என்றே பெயர்த்தது. 'இஸ்ரவேலின் மகன்கள்' என்னும் எபிரேயத் தொடரையும் 'இஸ்ரவேலின் பிள்ளைகள்' என்றே எழுதியது. பெண்ணுரிமை இயக்கம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இருபாலையும் தழுவிய சொல் அங்கே இருந்தது. பொதுச்சொல் என்பது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று என்பதை இங்கே நினைவிற்கொள்க.

பெபேயாளும் யூனியாவும்

பவுல் உரோமையர்க்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரம் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல். வாழ்த்துக் கூறி முடிக்கும் பகுதி. வேகமாகக் கடந்து செல்லக்கூடிய இப்பகுதியில்தான் இரு பெண்களின் வரலாறு புதைந்து கிடக்கிறது.

முதற்பெண் பெபேயாள். அவளைக் கெங்கிரேயா சபையின் 'தியாக்கோனோஸ்' என்கிறார் பவுல். இதே சொல்லால் பவுல் தம்மையும் குறிப்பிடுவதுண்டு. பவுலைக் குறித்த இடத்தில் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'மினிஸ்டர்' என்று எழுதியது; பெபேயாளைக் குறித்த இடத்தில் 'சர்வண்ட்' என்று எழுதியது. முன்னது பணியாளர் என்னும் பொருளோடு பதவியையும் காட்டும். பின்னது ஏவல் செய்பவரையே காட்டும். 1989இல் வெளிவந்த புதிய திருத்திய திருந்திய பதிப்பு அவளைத் திருத்தொண்டர் பதவியைக் குறிக்கும் 'டீக்கன்' என்ற சொல்லாலேயே அழைத்தது.

இரண்டாவது பெண் யூனியா. அந்திரோனீக்கு என்பவரோடு சேர்த்து அவளை வாழ்த்தும் பவுல், அவ்விருவரும் அப்போஸ்தலருள் பெயர்பெற்றவர்கள் என்கிறார். அப்போஸ்தலர் என்பது தொடக்கக்காலத் திருச்சபையின் மிக உயர்ந்த நிலை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிசோஸ்தோம் என்னும் பேரறிஞர், அப்போஸ்தலர் என அழைக்கப்படும் தகுதி பெற்ற இப்பெண்ணின் ஞானம் எத்தகையது என்று வியந்து பாராட்டினார். பெண்களைப் பற்றிக் கடுமையாகவும் எழுதியவர் அவர். கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி. யூனியா பெண்பெயர் என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை.

ஐயம் பின்னாளில் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி உரோமையின் ஜைல்ஸ் என்பவர் இவ்விருவரையும் ஆடவர் எனக் கொண்டார். மார்ட்டின் லூத்தர் தம் செருமானிய மொழிபெயர்ப்பில் 'யூனியாஸ்' என ஆண்பெயராக்கினார். இதற்குக் கிரேக்க எழுத்துமுறையும் இடமளித்தது. அவ்வாக்கியத்தில் அப்பெயர் இரண்டாம் வேற்றுமையில் வருகிறது. அவ்வடிவில் ஆண்பெயருக்கும் பெண்பெயருக்கும் எழுத்துகள் ஒன்றே; மேலே இடும் ஒலிக்குறி மட்டுமே வேறு. மிகப் பழைய ஏடுகளிலோ ஒலிக்குறிகள் இல்லை.

குறி இல்லையெனில் எதைக் கொண்டு முடிவு செய்வது? அக்கால வழக்கைக் கொண்டு முடிவு செய்யலாம். யூனியா என்னும் பெண்பெயர் பண்டைய உரோமைக் கல்வெட்டுகளில் 250 முறைக்கு மேல் காணப்படுகிறது. யூனியாஸ் என்னும் ஆண்பெயரோ கிடைக்கவேயில்லை. ஆனால் ஆண்பாலாக்கியவர்களின் எண்ணம் வேறு. அப்போஸ்தலர் என்றால் ஆணாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே இவரும் ஆண்தான் என்பது அவர்தம் தருக்கம். முடிவு முதலில், சான்று பின்னர்! என்னே விந்தை!

இதில் கவனிக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் யூனியா பெண்பெயராகவே நின்றாள். 1881ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் யூனியாஸ் ஆனாள். உலகெங்கும் மொழிபெயர்ப்பாளர் கையாளும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927இல் ஆண்பால் குறியை இட்டது. 1946இல் வந்த திருத்திய திருந்திய புதிய ஏற்பாடு ஒருபடி மேலே சென்று, இருவரும் புகழ்பெற்ற 'ஆடவர்' என்றே எழுதியது. மூலத்தில் அச்சொல் இல்லை. பெண்கள் பல்கலைக்கழகங்களில் நுழைந்து, வாக்குரிமையும் பெற்றுவந்த காலத்தில்தான் யூனியா இவ்வாறு மறைந்தாள். காலம் செல்லச் செல்ல எல்லாம் தானே சீராகும் என்று நம்புவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நெஸ்லே பதிப்பு 1998ஆம் ஆண்டு அச்சில் பெண்பால் குறிக்குத் திரும்பியது. 2017ஆம் ஆண்டின் திருத்தத்தில் லூத்தர் விவிலியமும் யூனியாவை ஏற்றது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2001இல் வந்த ஆங்கிலச் செந்தர மொழிபெயர்ப்பு அவளைப் பெண்ணாகவே விட்டுவிட்டு, அப்போஸ்தலருள் பெயர்பெற்றவர் என்பதை அப்போஸ்தலரால் நன்கு அறியப்பட்டவர் என்று மாற்றியது. பெயர் திரும்பியது, பதவி போயிற்று. இத்தொடரின் பொருளைப் பற்றிக் கிரேக்க அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயினும் கிரேக்கம் பேசிய கிறிசோஸ்தோம் அதை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதை முன்னரே கண்டோம்.

பெண்கள் பேனா எடுத்தபோது

1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புக் குழுவில் பெண் ஒருவரும் இல்லை. 1881ஆம் ஆண்டுக் குழுவிலும் இல்லை. ஆனால் இடையில் ஒரு பெண் தனியாகவே முழு விவிலியத்தையும் பெயர்த்து முடித்தார் என்பது பலரும் அறியாத செய்தி. அவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக் கிளாஸ்டன்பரியில் வாழ்ந்த ஜூலியா ஸ்மித். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் மூன்றையும் கற்று, மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்த முயன்றார். 1876இல் தம் சொந்தச் செலவில் அதை வெளியிட்டார். வாக்குரிமை இல்லாத எமக்கு வரி எதற்கு என்று அவரும் தங்கை அபியும் வரி கட்ட மறுத்ததால், ஊராட்சியினர் அவர்களுடைய பசுக்களைப் பிடித்துச் சென்றனர்! ஒரு பெண் இதைச் செய்ய முடியும் என உலகுக்குக் காட்டுவதும் அவர் விவிலியத்தை வெளியிட்டதன் நோக்கமாயிற்று.

அவருக்குப் பின் எலிசபெத் கேடி ஸ்டாண்டன் சில பெண்களோடு சேர்ந்து 'பெண்களின் விவிலியம்' என்னும் விளக்கவுரையை 1895, 1898 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். இதை எதிர்த்தவர் குருமார் மட்டும் அல்லர். 1896இல் பெண் வாக்குரிமைச் சங்கமே கூடி, இந்நூலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று தீர்மானித்தது. சமயப்பற்றுள்ள மக்களின் ஆதரவு போய்விடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். அரசியல் நெருக்கடி எல்லாப் பக்கத்திலும் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

எரிந்த பக்கமும் படைப்பிரிவுக் கையேடும்

1952இல் திருத்திய திருந்திய பதிப்பு முழுமையாக வெளிவந்தது. ஏசாயா நூலில் வரும் 'அல்மா' என்னும் எபிரேயச் சொல்லை அது 'இளம்பெண்' என்று பெயர்த்தது. பழைய மொழிபெயர்ப்பு 'கன்னி' என்றிருந்தது. எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருள் இளம்பெண்ணே. ஆனால் மத்தேயு நற்செய்தி இதன் கிரேக்க வடிவை இயேசுவின் பிறப்போடு இணைத்து, 'கன்னி' என்ற பொருளில் எடுத்தாளுகிறது. ஆகவே ஒரு பெண்ணைக் குறிக்கும் ஒரு சொல்லில் சமயக் கோட்பாடே அடங்கியிருந்தது. வடகரோலினா மாநிலத்தில் ஒரு போதகர் அப்பக்கத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் எரித்தார்.

அது அமெரிக்காவில் பொதுவுடைமை அச்சம் தலைவிரித்தாடிய காலம். மொழிபெயர்ப்பாளர் பலர் பொதுவுடைமைச் சார்புடையவர் என்று வதந்தி கிளம்பியது. 1960இல் அந்நாட்டு விமானப்படையின் பயிற்சிக் கையேடு ஒன்றிலேயே அக்குற்றச்சாட்டு அச்சேறியது. திருச்சபைகளின் தேசிய மன்றம் வன்மையாகக் கண்டித்த பின்னரே கையேடு திரும்பப் பெறப்பட்டது. எபிரேய இலக்கணத்துக்கும் விமானப்படைக்கும் என்ன தொடர்பு? ஆனால் அச்சம் ஆட்சி செய்யும்போது அகராதியும் ஐயத்துக்குள்ளாகிறது.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் கூட்டம்

1970களில் ஆங்கில மொழியின் வழக்கே மாறத் தொடங்கியது. 'மேன்' என்றால் மனித இனம் என்று பொருள்கொள்வது குறைந்தது. பள்ளி நூல்களும் செய்தித்தாள்களும் பொதுச்சொற்களை நாடின. இம்மாற்றத்தை விவிலியம் ஏற்க வேண்டுமா என்ற வினா எழுந்தது. பிரூஸ் மெட்ஸ்கர் தலைமையில் உருவாகி 1989இல் வந்த புதிய திருத்திய திருந்திய பதிப்பு, மூலத்தின் வரலாற்றுச் சூழலைக் குலைக்காத அளவுக்கு ஆண்பால் சார்பைக் களையுமாறு தன்னை வெளியிட்ட மன்றத்தாலேயே பணிக்கப்பட்டிருந்தது. ஆக, இந்தப் பக்கத்திலும் கட்டளை இருந்தது என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெரும் புயல் 1997இல் வீசியது. நற்செய்திச் சபையாரிடையே மிகவும் பரவியிருந்த புதிய சர்வதேச மொழிபெயர்ப்பின் பொதுப்பால் பதிப்பு 1996இல் பிரிட்டனில் வெளிவந்தது. அமெரிக்காவிலும் அத்தகைய திருத்தம் வரவிருக்கிறது என்பதை 1997 மார்ச்சில் 'வேர்ல்ட்' என்னும் இதழ் வெளிப்படுத்தி, பெண்ணியம் திருச்சபையைக் கவர்ந்திழுப்பதாகச் சாடியது. கண்டனங்கள் குவிந்தன. அவ்வாண்டு மே 27ஆம் நாள், குடும்ப வாழ்வு பற்றிய வானொலி நிகழ்ச்சிகளால் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த ஜேம்ஸ் டாப்சனின் அழைப்பில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. அங்குக் கூடிய அனைவரும் ஆடவரே. மொழிபெயர்ப்பின் உரிமையாளரான சர்வதேச விவிலியச் சங்கம் அதே நாளில் தன் திட்டத்தைக் கைவிட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர் கொண்ட தென்னகப் பாப்டிஸ்ட் பேரவையும் அடுத்த மாதம் பொதுப்பால் மொழிபெயர்ப்புகளை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

அக்கூட்டம் மொழிபெயர்ப்புக்கு நெறிமுறைகளை வகுத்தது. 'அடெல்போய்' என்பதைச் 'சகோதர சகோதரிகள்' என்று பெயர்க்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் சில மாதங்களிலேயே, அதே ஆண்டு செப்டம்பரில், அவ்விதியை அவர்களே திருத்தினர். கிரேக்க அகராதிகளும் பழைய எடுத்துக்காட்டுகளும், பன்மையில் அச்சொல் இருபாலரையும் குறிக்கும் எனத் தெளிவாகக் காட்டின. இடம் நோக்கி அவ்வாறு பெயர்க்கலாம் என்று விதி மாறிற்று. அகராதியைப் பார்க்குமுன் விதி பிறந்தது. பார்த்த பின் விதி திருந்தியது!

அதன்பின் பொதுப்பால் பதிப்பு மீண்டும் வேறு பெயரில் எழுந்தது. 2002இல் புதிய ஏற்பாடும் 2005இல் முழு நூலும் வந்தன. எதிர்ப்பினால் அது பரவவில்லை. அதை நிறுத்துவதாக 2009இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த திருத்தத்துக்கு முன் குழுவினர் ஓர் அரிய செயலைச் செய்தனர். கோலின்ஸ் அகராதி நிறுவனத்தைக் கொண்டு, 400 கோடிக்கு மேற்பட்ட சொற்கள் அடங்கிய மொழித்தொகுப்பில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் உண்மையில் எவ்வாறு பேசுகின்றனர், எழுதுகின்றனர் என்பதை ஆராயச் செய்தனர். அதன் துணையோடு 2011ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிவந்தது. அதில் யூனியா பெண், பெபேயாள் டீக்கன். தென்னகப் பாப்டிஸ்டுகள் மீண்டும் எதிர்த்துத் தீர்மானித்தனர். ஆயினும் அவர்களுடைய சொந்தப் புத்தக நிலையங்களே அதைத் தொடர்ந்து விற்க 2012இல் முடிவு செய்தன.

இவ்வளவு வேகம் ஏன்? போதகர் பணி ஆடவர்க்கே உரியது என்று அப்பேரவை 2000ஆம் ஆண்டுத் தன் நம்பிக்கை அறிக்கையில் எழுதியிருந்தது. பெண் போதிக்கலாமா, சபையை நடத்தலாமா என்னும் வழக்கில் சாட்சிகளாக நிற்பவர்கள் பெபேயாளும் யூனியாவும்தாம். சாட்சியின் பெயரை மாற்றினால் தீர்ப்பும் மாறுமன்றோ?

உரோமையும் செருமனியும்

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இவ்விழுபறி நடந்தது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பை அமெரிக்காவில் திருவழிபாட்டில் பயன்படுத்த வத்திக்கான் 1992இல் இசைந்து, 1994இல் அவ்விசைவைத் திரும்பப் பெற்றது. 2001இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நெறிமுறையில், மூலத்தின் பாலையும் எண்ணையும் இயன்றவரை காக்குமாறு வலியுறுத்தியது. 2017இல் போப்பாண்டவர் பிரான்சிஸ், வழிபாட்டு நூல்களின் மொழிபெயர்ப்பில் அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகளின் பொறுப்பை மீண்டும் விரிவாக்கினார். இந்திய ஆயர் பேரவை ஆங்கிலச் செந்தர மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்புக்கு 2018இல் ஒப்புதல் அளித்தது. ஆகவே இது கடலுக்கு அப்பால் நடக்கும் வழக்கு மட்டுமன்று.

செருமனியில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. 42 பெண்களும் 10 ஆடவரும் சேர்ந்து 'நீதியான மொழியில் விவிலியம்' என்பதை 2006இல் வெளியிட்டனர். ஆண்பால் பன்மை வரும் பல இடங்களில் பெண்பாலையும் சேர்த்தனர். 'பெண் பரிசேயர்' என்பாரும் அதில் தோன்றினர். பரிசேயர் என்னும் குழுவில் பெண்கள் அவ்வாறு இருந்தனர் என்பதற்குச் சான்று எங்கே எனப் பலர் வினவினர். அந்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபை மன்றம், பொதுவழிபாட்டுக்கு அது ஏற்றதன்று என்றது. இருந்த பெண்ணை மறைப்பது பிழையெனின், இருந்தாளெனச் சான்றில்லாத பெண்ணைப் புகுத்துவதும் பிழையே.

எதிர்ப்போர் வாதத்தில் உள்ள உண்மை

பொதுப்பாலை எதிர்ப்போர் அனைவரும் பெண்ணை வெறுப்பவர் என்று எண்ணிவிடலாகாது. அவர்தம் வாதத்தில் வலிமையான பகுதியும் உண்டு. ஆங்கிலத்தில் 'அவன்' என்பதைத் தவிர்க்க ஒருமையைப் பன்மையாக்குவது எளிய வழி. ஆனால் பன்மையாக்கினால் சில இடங்களில் பொருள் சிதையும். 34ஆம் சங்கீதத்தில் நீதிமானின் எலும்புகள் முறியாமல் காக்கப்படும் என்பது ஒருமையில் உள்ளது. சிலுவையில் இயேசுவின் எலும்பு முறிக்கப்படாததை யோவான் நற்செய்தி கூறும்போது இதனை எதிரொலிப்பதாகக் கருதுவர். 1989ஆம் ஆண்டுப் பதிப்பு இதைப் பன்மையாக்கவே அத்தொடர்பு மங்கிற்று. 2011ஆம் ஆண்டுத் திருத்தமோ இவ்விடத்தில் ஒருமையைக் காத்தது. எதிர்ப்போர் கூறிய குறையால் மொழிபெயர்ப்பு செம்மையுற்றது எனலாம். வசையை ஒதுக்கிவிட்டு வாதத்தை மட்டும் கேட்டால் இரு தரப்பாரிடமும் கற்க வேண்டியது உண்டு.

தமிழின் நிலை

நிற்க. தமிழில் இச்சிக்கல் எவ்வாறு உள்ளது? உயர்திணையில் ஆண்பால், பெண்பால் என்பவற்றோடு பலர்பாலையும் தொல்காப்பியர் வகுத்தார். பலர்பால் ஆணையும் காட்டாது, பெண்ணையும் காட்டாது.  நம் பழைய தமிழ் விவிலியத்தில் அந்திரோனீக்கும் யூனியாவும் 'பெயர்பெற்றவர்கள்' என்றே குறிக்கப்படுகின்றனர். 'ஆடவர்' என்று சேர்க்க வேண்டிய நெருக்கடியே தமிழுக்கு நேரவில்லை. பவுல் 'ஊழியக்காரன்' எனப்பட்டார். பெபேயாள் 'ஊழியக்காரி' எனப்பட்டாள். விகுதி வேறாயினும் பணியின் பெயர் ஒன்றே. அவ்வகையில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் நேர்மையாக நடந்துகொண்டது.

ஆனால் நாம் மகிழ்ந்து அமர்ந்துவிட முடியாது. ஒருமைக்கு வரும்போது தமிழும் 'மனுஷன்' என்றே எழுதியது. 'சகோதரரே' என்பது பலர்பால் விகுதி பெற்றிருந்தும், 'சகோதரி' என்று தனிச்சொல் இருப்பதால் ஆடவரையே நினைவூட்டுகிறது. 1995இல் வந்த திருவிவிலியம் 'சகோதர சகோதரிகளே' என விளித்தது இதனால்தான். விவிலியத்துக்கு வெளியிலும் இக்கேள்வி உண்டு. நம் பாடநூல்களில் விஞ்ஞானி வரும்போது 'கண்டுபிடித்தான்' என்றும், செவிலி வரும்போது 'பணிசெய்தாள்' என்றும் எழுதும்போது, நாம் அறியாமலே ஒரு தீர்ப்பை எழுதுகிறோம்.

முடிவுரை

மொழிபெயர்ப்பாளர் அமரும் மேசை தனிமையில் இருப்பதன்று. பணம் தருபவர், அச்சிடுபவர், ஒப்புதல் முத்திரை இடுபவர், ஆலயத்தில் வாசிப்பவர் எனப் பலர் அவர் தோளுக்குப் பின்னே நிற்கின்றனர். மன்னர் நின்றார்; மன்றம் நின்றது; வானொலிப் பேச்சாளரும் நின்றார். இனியும் யாரேனும் நிற்பர். ஆகவே எந்தச் செல்வாக்கும் படாத மொழிபெயர்ப்பைத் தேடுவது வீண்.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. கொலராடோ ஸ்பிரிங்ஸ் விதியைத் திருத்தியது எதிர்க்கட்சியன்று, அகராதி. யூனியாவை மீட்டது போராட்டம் மட்டுமன்று, கல்வெட்டுகளும் ஏடுகளும். மூலமொழியைக் கற்றவர் ஒருவர் இருக்கும்வரை, மறைக்கப்பட்ட பெயரை மீண்டும் படிக்க முடியும். சேர்க்கப்பட்ட சொல்லையும் நீக்க முடியும்.

மொழி பயிலும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஒரு மொழிபெயர்ப்பைக் கையிலெடுக்கும்போது, இதில் நமக்குப் பிடித்த சொல் உள்ளதா என்று கேட்பதற்கு முன், மூலத்தில் என்ன உள்ளது, அது ஏன் இவ்வாறு வந்தது என்று கேட்போமாக. பெயர்ப்பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் பெண்ணின் பெயராகவே நிற்பதற்கு எழுநூறு ஆண்டுகள் வழக்காட வேண்டியதாயிற்று. இனி ஒரு பெயருக்கு அந்நிலை வாராமல் காப்பது கற்றோர் பொறுப்பு.